வழி சொல்பவரின் பங்கு

2007ஆம் ஆண்டு லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடோர் நாய்கள் மலேசியாவுக்கு வந்தன. ஹாலிவுட் பட நிறுவனங்களின் சங்கம் அனுப்பி வைத்தது. வட்டுகளின் பிளாஸ்டிக் வாசனையை மோப்பம் பிடித்து, திருட்டு டிவிடிகள் பதுக்கிய இடத்தைக் காட்டுவது அவற்றின் வேலை. ஜொகூர் பாருவில் குவியல் குவியலாகப் பிடிபட்டன. நாய்களின் தலைக்கு யாரோ விலை வைத்திருப்பதாகக்கூடச் செய்தி வந்தது.

இன்று அந்த நாய்களுக்கு வேலை இருக்காது. வட்டுக்கு வாசனை உண்டு, லிங்குக்குக் கிடையாது. இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பெட்டாலிங் ஸ்திரீட்டிலும் இம்பி பிளாசாவிலும் வட்டு விற்றவர் காசு வாங்கினார். அவரை வியாபாரி என்று சொல்லிவிடலாம். இன்று கிராக் செய்த மென்பொருள் எங்கே கிடைக்கும் என்று சொல்பவர் ஒரு காசும் வாங்குவதில்லை. நம்மோடு படித்தவர், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர், நல்ல மனிதர். காசு வாங்காமல் செய்வதாலேயே அது உதவி ஆகிவிடுமா?

கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கல்யாண அட்டை, திருவிழா பேனர் அச்சடிக்கும் சின்னக் கடைகள் இருக்கின்றன. "தம்பி, நீ இஞ்சினியர்தானே? அந்த டிசைன் சாப்ட்வேர் எங்கியாச்சும் சும்மா கிடைக்குமா?" என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. கேட்பவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 ரிங்கிட் ஆனது. தொழில்முறை மென்பொருள் சிலவற்றின் ஆண்டுச் சந்தா அதைவிட அதிகம். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மாணவர் உரிமத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. பட்டம் கையில் வந்த மறுநாளே அதே மென்பொருள் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. "அமெரிக்கக்காரனுக்கு இதுல என்னா நட்டம்?" என்று ஒருவர் கேட்டால், அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி, யாருக்கு ஆபத்து என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, சொந்த வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் திருட்டுப் பிரதி வைத்திருந்தால், ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டில் பொழுதுபோக்காகப் படம் வரைபவரும் மூன்று கணினி வைத்துக் கடை நடத்துபவரும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. லிங்க் அனுப்புபவர் இதை விசாரிப்பதே இல்லை. சட்டத்தை விடுங்கள். ஸ்டாப் என்ற பிணைத்தொகை வைரஸ் பெரும்பாலும் கிராக் கோப்புகளின் வழியாகவே பரவியது. அது வந்தால் வாடிக்கையாளரின் கோப்புகள் அத்தனையும் பூட்டிக்கொள்ளும். அன்றைக்கு வழி சொன்னவர் எங்கே இருப்பார்? குழுவில் கட்டைவிரல் சின்னம் வாங்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பார்.

"நான் லிங்க்தானே கொடுத்தேன்" என்ற சமாதானம் பழையது. 2009 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் நீதிமன்றத்தில் பைரேட் பே தளத்தை நடத்தியவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். எங்களிடம் படமும் இல்லை பாட்டும் இல்லை, எங்கே இருக்கிறது என்று காட்டினோம், அவ்வளவுதான் என்றார்கள். நான்கு பேருக்கும் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த 43ஏஏ பிரிவு, திருட்டு ஒளிபரப்புக்கு உதவும் பெட்டியையோ நிரலையோ விற்பவரையும் விநியோகிப்பவரையும் பிடிக்கிறது. தண்டனை இருபது ஆண்டு வரை போகலாம்.

சட்டம் சொல்வதெல்லாம் தர்மமும் அல்ல. 2020 அக்டோபரில் அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் புகார் செய்ததும் யூடியூப்-டிஎல் என்ற பதிவிறக்க நிரலைக் கிட்ஹப் நீக்கியது. செய்தியாளர்களும் ஆவணம் சேகரிப்பவர்களும் பயன்படுத்தும் கருவி அது. அடுத்த மாதமே திரும்பக் கொண்டுவந்தார்கள். புகார் வந்த அன்றே 'சட்டவிரோதம்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் அவசரப்பட்டவர்கள்தான்.

தமிழிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது. யூனிகோடு வருவதற்கு முன்னால் ஆளுக்கொரு குறியாக்கத்தில் எழுத்துருக்கள் இருந்தன. ஒரு சங்கத்தின் இருபது வருட மலர்கள் அப்படி ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லையென்றால் திரையில் வெறும் கிறுக்கல். விற்றவரும் இன்று தொழிலில் இல்லை. தங்கள் எழுத்தைத் தாங்களே படிக்க அவர்கள் எழுத்துரு கேட்டால், தேடிக் கொடுப்பதை நான் கடமை என்பேன்.

மறுபக்கம், முரசு அஞ்சல். முத்து நெடுமாறன் 1980களில் இங்கே தொடங்கிய வேலை அது. அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகள் வரை போனது. தமிழ் மென்பொருளுக்குச் சந்தை எவ்வளவு சிறியது என்று நமக்குத் தெரியும். அமெரிக்க நிறுவனத்துக்கு ஒரு பிரதி போனால் கடலில் ஒரு சொட்டு. தமிழ் எழுத்துரு வடிப்பவர் ஒருவருக்குப் பத்துப் பிரதி போனால், அடுத்த எழுத்துரு வராமலே போகலாம். இரண்டுக்கும் ஒரே லிங்க், ஒரே "நன்றி அண்ணே" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதனால் சட்டமா சட்டவிரோதமா என்பதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். யாரிடமிருந்து போகிறது? ஆபத்து யார் தலையில் விழுகிறது? வேறு வழியே இல்லையா? மூன்றாவது கேள்விதான் உதவுபவனைச் சோதிக்கிறது. லிங்க் அனுப்ப ஐந்து விநாடி போதும். இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒரு கல்யாண அட்டையை எப்படி வடிப்பது என்று சொல்லிக் கொடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கிராக் லிங்க் அனுப்புபவர்களின் தாராளத்தில் எனக்குச் சந்தேகம் வருவது இங்கேதான். கொடுப்பவருக்கு அதில் எந்தச் செலவும் இல்லை. முழுச் செலவும் வாங்குபவருடையது.

இலவச மென்பொருள் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வாடிக்கையாளர் கோரல்டிராவில் கோப்பு கொண்டுவந்தால் சிலசமயம் அதில் சரியாகத் திறக்காது. அப்போது கடைக்காரர், "நீ சொன்னதக் கேட்டா ஆர்டர் போகுதே, தம்பி" என்பார். அவர் சொல்வது உண்மை. பிடிஎஃப்பாக வாங்கிப் பாருங்கள், ஒரு கணினிக்கு மட்டுமாவது உரிமம் எடுங்கள், செலவை அட்டை விலையில் ஏற்றுங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடியும். அதைக் கேட்டுவிட்டு அவர் வேறு யாரிடமாவது லிங்க் வாங்கினால் அவரைப் பழிக்கமாட்டேன். ஆனால் அந்த லிங்க் என் கையிலிருந்து போகாது. அவருடைய கடைக்கு ஏதாவது ஆனால் அதில் ஒரு வெள்ளிகூட நான் கட்டப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.