கரந்த படையும் கொல்லாமை அறமும்

தன் உயிரைக் காத்துக்கொள்ளும் விழைவு எல்லா உயிர்க்கும் இயல்பானது என்பதால், அதற்கு நியாயம் தேட வேண்டிய தேவை எந்தச் சமயத்துக்கும் நேரவில்லை. சமயங்கள் தயங்கி நின்ற இடம், அந்த உயிரைக் காக்க இன்னோர் உயிரைப் போக்கலாமா என்பதுதான். இடுப்பிலோ கைப்பையிலோ பிறர் கண்ணில் படாதபடி ஒரு சிறிய ரிவால்வரைச் சுமந்து திரியலாமா என்ற கேள்வி, முதற்பார்வைக்கு இந்தப் பழைய தயக்கத்தின் புது வடிவமாகவே தோன்றும். எனினும் அதில் பழைய நூல்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காத இரண்டு கூறுகள் உள்ளன. தாக்குதல் நிகழ்வதற்கு நெடுநாள் முன்னரே கொல்லும் கருவி தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது ஒன்று; அது மறைக்கப்படுகிறது என்பது மற்றொன்று.

ரிவால்வர் என்பது, ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள் இட்ட உருளை ஒன்றில், விசையை இழுக்குந்தோறும் ஓர் அறை சுழன்று குழலுக்கு நேராக வந்து நிற்கும் கைத்துப்பாக்கி. காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு; .22, .32, .38 என்பன அங்குலத்தின் பின்னங்கள். மறைத்துச் சுமப்போர் சிறிய காலிபரை நாடுவதற்குக் காரணங்கள் எளியவை: எடை குறைவு, சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் அதிர்வு குறைவு, துணிக்கடியில் புடைத்துத் தெரியாத உருவம். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1950இல் வெளியிட்ட ஐந்து தோட்டா .38 ரிவால்வர் இவ்வகைக்கு ஒரு முன்மாதிரியாயிற்று. இந்தியாவில், 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் நிகழ்ந்த கூட்டு வன்புணர்ச்சிக் கொடுமைக்குப் பின், கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்தியது. அதன் எடை 500 கிராம். விலை ஏறத்தாழ ரூ. 1.22 இலட்சம்; நகைப்பெட்டியைப் போன்ற மெரூன் நிறப் பெட்டியில் வைத்து அது விற்கப்பட்டது. இரவுப் பேருந்தில் வீடு திரும்ப வேண்டிய பெண்ணுக்கு அந்த விலை எட்டாது என்பதையும், அந்த விலை எட்டுகின்ற பெண் பெரும்பாலும் இரவுப் பேருந்தில் ஏறுவதில்லை என்பதையும் அந்தப் பெட்டியே சொல்லிவிடுகிறது.

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் இக்கேள்வி கடையில் எழுவதில்லை, மனத்தில்தான் எழுகிறது. 1950களில் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்து, 2006இல் மாநகரத் தகுதி பெற்ற இந்நகரில், வழிப்பறிக்கும் வீடு புகும் திருட்டுக்கும் அஞ்சி, தாமான் என்னும் வீட்டுக் குடியிருப்பில் வாழ்பவர் செய்யக்கூடியவை கம்பிக்கதவு, அலாரம், நுழைவாயிலில் தடுப்புக்கட்டையோடு அமர்ந்திருக்கும் காவலர், ருக்குன் தெதாங்கா என்னும் அக்கம்பக்கத்தார் இரவு ரோந்து ஆகியவையே. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. உரிமம் தருவது மாநிலக் காவல்துறைத் தலைவரின் முடிவைப் பொறுத்தது. 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம், சட்டவிரோதமாக ஒரு துப்பாக்கியை வைத்திருந்ததற்கே 14 ஆண்டு வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாத தண்டனையும் விதிக்கிறது. கொள்ளை போன்ற குற்றங்களின்போது சுட்டால் மரணதண்டனை கட்டாயம் என்றிருந்த நிலை 2023இல்தான் தளர்ந்து, நீதிபதி நெடுஞ்சிறையைத் தேர்ந்தெடுக்க இடம் ஏற்பட்டது. துப்பாக்கி மட்டுமன்று, தகுந்த காரணமின்றிப் பாராங் கத்தியோடு வீதியில் நடப்பதும் 1958ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி குற்றமே. இவ்வளவு கடுமைக்கு ஒரு வேர், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம். அதாவது, குடிமகனின் அறத்தைப் பற்றிய சிந்தனை அன்று, கிளர்ச்சியைப் பற்றிய அச்சம்.

அதே நாட்டின் தண்டனைச் சட்டம், 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில், தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும் காக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. மரணம், கொடுங்காயம், வன்புணர்ச்சி, கடத்தல் ஆகியவை நேரும் என்று நியாயமாக அஞ்சும்போது, தாக்குபவரைக் கொல்லும் அளவுக்கும் அவ்வுரிமை நீள்கிறது. இப்பிரிவுகள் பிரிட்டிஷ் ஆட்சிக்காக மெக்காலே தலைமையிலான சட்டக் குழு 1837இல் வரைந்து, 1860இல் இந்தியாவில் சட்டமாகி, அங்கிருந்து நீரிணைக் குடியேற்றங்கள் வழியாக மலாயாவுக்கு வந்தவை. இந்தியர் அடி வாங்கிப் பொறுத்துக்கொள்பவர்கள், அவர்களுக்குள் எதிர்த்து நிற்கும் துணிவைத் தூண்ட வேண்டும் என்பது மெக்காலே குழுவின் குறிப்புகளில் காணப்படும் கருத்து. அந்த ஆட்சியே 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் இந்தியரிடமிருந்து படைக்கலன்களைப் பறித்து ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. கொல்லும் உரிமையைத் தந்த கை கொல்லும் கருவியைப் பிடுங்கிக்கொண்டது என்னும் இந்த முரண், காலனி ஆட்சி போன பின்னும் இரு நாட்டுச் சட்டங்களிலும் தங்கிவிட்டது.

சமய நூல்களைப் பார்த்தால், தாக்குபவரை எதிர்க்க இடம் தராதவை மிகச் சிலவே. கொல்ல ஆயுதம் ஏந்தி வருபவன், தீ வைப்பவன், நஞ்சிடுபவன் போன்றோரை 'ஆததாயி' என்று வகைப்படுத்திய தருமசாத்திரம், அவன் ஆசிரியனே ஆயினும் முதியவனே ஆயினும் கொல்லலாம் என்று மனுநூலின் எட்டாம் இயலில் அனுமதிக்கிறது. ஆனால் கீதையின் முதல் இயலில் அருச்சுனன், ஆததாயிகளே ஆயினும் இவர்களைக் கொன்றால் பாவம் நம்மையே சாரும் என்று கலங்குகிறான். கொல்லாமையில் எல்லாரினும் முந்திநின்ற சமணமும் இல்லறத்தாருக்கு ஒரு வாயில் திறந்து வைத்தது: வேண்டுமென்றே செய்யும் இம்சை, வீட்டுவேலையில் நேரும் இம்சை, தொழிலில் நேரும் இம்சை, எதிர்ப்பைத் தடுக்கையில் நேரும் இம்சை என நான்காகப் பிரித்து, முதலாவதை மட்டுமே இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும் என்றது. இசுலாமியச் சட்டவியல், தாக்க வருபவரைக் குரலால் தடுக்க முடிந்தால் கையையும், கையால் முடிந்தால் தடியையும் பயன்படுத்தலாகாது என்று படிப்படியான அளவு வைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கக்கூடும் என்றும், உயிரைக் காப்பது நோக்கமாகவும் எதிரியின் சாவு நோக்கத்துக்குப் புறம்பாகவும் இருந்தால் குற்றமில்லை என்றும், கொல்வதையே நோக்கமாகக் கொள்ளத் தனிமனிதருக்கு உரிமையில்லை, அது பொது அதிகாரத்துக்கே உரியது என்றும் வாதிட்டார்.

இவை அனைத்தும் ஒரு கணத்தைப் பற்றியே பேசுகின்றன. ஓங்கிய கை, விலக வழியின்மை, யோசிக்க நேரமின்மை ஆகியவற்றிலிருந்துதான் மன்னிப்பு பிறக்கிறது. ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பவருக்கோ யோசிக்க நேரம் இருக்கிறது; எந்தக் குண்டு எவ்வளவு ஆழம் பாயும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு இருக்கிறது. அவர் கொலைகாரர் ஆகிவிட்டார் என்று சொல்வது அநியாயம். ஆயினும், சாவு தன் நோக்கத்துக்குப் புறம்பானது என்ற அக்குவினாஸின் அடைக்கலம் அவருக்கு எளிதில் கிட்டாது. நான்கு வகை இம்சையில் நான்காவதற்கும் முதலாவதற்கும் நடுவில் எங்கோ அவர் நிற்கிறார்.

காலிபர் சிறியதாயின் வன்முறையும் சிறியது என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. நடப்பில் .22 தோட்டா, பாய்ந்து வருபவரை அந்த நொடியிலேயே நிறுத்தத் தவறக்கூடும். ஆனால் உள்ளுறுப்பைக் கிழித்துப் பின்னர் மருத்துவமனையில் உயிரைப் பறிக்கக்கூடும். தற்காப்புக்கு நியாயம் தருவது தாக்குதலை நிறுத்துவது. நிறுத்துவதில் குறைந்து கொல்வதில் குறையாத கருவி, அந்நியாயத்தைத் தலைகீழாக்குகிறது. மேலும், ஆயுதம் காத்திருக்கும் நேரம் நீண்டது. அமெரிக்காவின் மூன்று மாவட்டங்களை ஆராய்ந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டில் துப்பாக்கி இருப்பதற்கும் அவ்வீட்டில் கொலை நிகழ்வதற்குமான தொடர்பை ஏறத்தாழ 2.7 மடங்கு என மதிப்பிட்டது. அக்கொலைகளில் பெரும்பாலானவை குடும்பத்தாராலோ தெரிந்தவராலோ செய்யப்பட்டவை. எதிரி ஒருமுறையும் வராத வீட்டிலும் கோபமும் குடியும் மனச்சோர்வும் வராமல் இருப்பதில்லை.

மறைத்தல் என்ற இரண்டாவது கூறு குறித்துத் தமிழ் மரபு சொல்வது வியப்பூட்டும் அளவுக்கு நேரடியானது. பகைவர் தொழுத கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும் என்று 'கூடாநட்பு' அதிகாரத்தில் குறள் எச்சரிக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று தில்லியில், கைகூப்பி வணங்கிய பின் காந்தியைச் சுடப் பயன்பட்ட சிறிய பெரெட்டா கைத்துப்பாக்கியை எண்ணாமல் அக்குறளைப் படிக்க இன்று எவராலும் இயலாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இக்கருத்து இருமுறை கதையாகிறது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், நீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து, ஆகமம் ஓதுவிப்பதாகச் சொல்லிப் பள்ளியறைக்குள் நுழைகிறான். தன்னை உயர்ந்த இருக்கையில் அமர்த்திக் கீழே வணங்கிய மன்னரைக் குத்துகிறான். படைக்கலன் பயிற்றும் தொழிலில் சிறந்த ஏனாதிநாதரின் கதையில் மறைக்கப்படுவது ஆயுதம் அன்று, நீறு: வாட்போரில் தோற்கவிருக்கும் அதிசூரன், கேடயத்தால் மறைத்திருந்த நெற்றித் திருநீற்றைத் திடீரெனக் காட்டுகிறான். இனி இவரைக் கொல்வதில்லை என்று முடிவு செய்த ஏனாதிநாதர் வாளையும் கேடயத்தையும் எறிந்துவிட எண்ணுகிறார்; ஆனால் ஆயுதமற்றவரைக் கொன்ற பழி எதிரியைச் சேருமே என்று அவற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, போரிடுபவர்போல் நின்று உயிர் விடுகிறார். படைக்கலனை எதிரியின் நன்மைக்காக ஏந்தும் இந்த நிலை உலக இலக்கியத்திலேயே அரிது.

இரு கதைகளிலும் மறைப்பது வஞ்சகனின் செயல். அடியார் ஏந்துவது வெளிப்படையான படை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் நகைக்கடைகளைப் போன்ற இடங்களில், கதவருகே பம்ப் கன்னைக் குறுக்கே பிடித்து நிற்கும் காவலரை வைத்து இதைச் சோதிக்கலாம். அவருடைய துப்பாக்கி வருபவரிடம் முன்கூட்டியே பேசிவிடுகிறது. திருட எண்ணி வந்தவர் திரும்பிப் போக அது இடம் தருகிறது. சீக்கியரின் கிர்பானும் ஐந்து சமயச் சின்னங்களுள் ஒன்றாக, அணிந்தவரின் கடமையை ஊரறிய உரைக்கும் ஆயுதம். பெட்டாலிங் ஜெயாவின் சித்தி விநாயகர் கோயிலில் நிற்பவர் காண்பதும் பிள்ளையாரின் கைகளில் மறைவின்றி விளங்கும் அங்குசமும் பாசமுமே. அவை யானையை அடக்கவும் கட்டவும் ஆனவை. மறைத்த ரிவால்வர் எவரையும் எச்சரிப்பதில்லை. அது தன் இருப்பை அறிவிக்கும்போது பெரும்பாலும் பேச்சு முடிந்திருக்கும். யாரிடம் இருக்கிறது என்று தெரியாததால் கள்வர் எல்லாரிடமும் அஞ்சுவர் என்று எதிர்வாதம் உண்டு. அவ்வாறே ஆயினும், எல்லாரிடமும் அஞ்சுபவன் முந்திச் சுடுவான் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது 'கொல்லாமை' அதிகாரம். தன் உயிரே போவதாயினும் பிறிதோர் உயிரை நீக்கும் செயலைச் செய்யலாகாது என்று ஆததாயிக்கும் விலக்கின்றி அங்கே சொல்லப்படுகிறது. கொல்ல வருவதையும் திருப்பிக் கொல்லலாகாது என்றே பரிமேலழகரும் விரிக்கிறார். அவ்வதிகாரம் துறவறவியலில் உள்ளது, தாமான் வீட்டுத் தவணை கட்டும் இல்லறத்தாரை அது கட்டாது என்று ஒதுக்குவது எளிது. அதைவிடக் கவனிக்கத்தக்கது அக்குறள் பேசும் எல்லை. துறக்கச் சொல்வது தன் உயிரை. பக்கத்து அறையில் உறங்கும் குழந்தையின் உயிரைத் துறக்க அது எவருக்கும் அதிகாரம் தரவில்லை.

மெய்ப்பொருளாரின் வாயிற்காவலன் தத்தன் இந்த எல்லையில்தான் நிற்கிறான். குத்துண்டவர் மன்னிக்கலாம், காவலன் வாளை ஓங்கியது தவறா? சேக்கிழார் அவனைக் கண்டிக்கவில்லை. மன்னரின் ஆணை ஒன்றே அவனைத் தடுக்கிறது, பின் அவனே கொலைஞனை ஊர்மக்களின் சினத்திலிருந்து காத்து எல்லை கடத்திவிடுகிறான். இதே கேள்வி காந்தியின் முன்னும் வந்தது. 1908 பிப்ரவரியில் ஜோகானஸ்பர்க் வீதியில் அவர் ஏறத்தாழ உயிர்போகும்படி அடிக்கப்பட்டார். அடித்தவர்கள்மேல் வழக்குத் தொடர அவர் விரும்பவில்லை. ஆனால், தாம் அங்கிருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று மூத்த மகன் கேட்டபோது, வன்முறையால் ஆயினும் தந்தையைக் காப்பதே கடமை என்று விடையளித்ததாக 1920 ஆகஸ்டில் 'யங் இந்தியா' இதழில் அவரே எழுதினார். அன்று அருகில் உண்மையில் இருந்தவர்களுள் ஒருவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்து, டிரான்ஸ்வால் தமிழரைச் சத்தியாக்கிரகத்துக்குத் திரட்டியவர். அவரிடம் ஆயுதம் இல்லை. விழுந்த அடிகளில் சிலவற்றைத் தம் உடம்பில் தாங்கிக்கொண்டார்.

எல்லாரும் தம்பி நாயுடு ஆக வேண்டும் என்று எந்த அரசும் சட்டம் இயற்ற முடியாது. கொடியோரை வேந்தன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களை பறிப்பதற்கு ஒப்பானது என்று 'செங்கோன்மை'யில் கூறி, தனிமனிதரிடம் மறுத்ததைக் குறள் அரசனிடம் ஒப்படைத்தது. அவசரகால அச்சத்தால் உருவான மலேசியச் சட்டம், வேறு வழியில் வந்து இதே பங்கீட்டை அடைந்திருக்கிறது. அந்தப் பங்கீடு சரியானது என்றே கொள்ள வேண்டும். ஆனால் பங்கீடு என்றால் இரு பக்கமும் பொறுப்பு உண்டு. தண்டனைச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, காவலரை அழைக்க நேரம் இருக்கும்போது தற்காப்பு உரிமை எழாது என்கிறது. அந்த நேரத்தை அளப்பது நீதிமன்றத்தில் பின்னர். அது கழிவது, கம்பிக்கதவுக்குப் பின்னால் தொலைபேசியைக் காதில் வைத்து நிற்கும் பெண்ணின் வீட்டில். ஆகவே பெட்டாலிங் ஜெயாவில் ரிவால்வர் வேண்டாம் என்று சொல்லும் அறவாணர், ரோந்துக் கார் அந்தத் தெருவுக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் தம் வாதத்தின் ஒரு பகுதியாகக் கொண்டே ஆக வேண்டும்.