கட்டண அறிவுரையும் சத்திய விரதமும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கு வழி சொல்பவரின் சொல் மெய்யா என்பது அடுத்த வளைவிலேயே விளங்கிவிடும். திரைக்கதை எழுதக் கற்பிப்பதாகக் கட்டணம் பெறுவோரின் சொல் அவ்வாறு விளங்குவதில்லை. படம் வெளிவர ஆண்டுகள் செல்லும். பல கதைகள் படமாவதே இல்லை.

கொல்லிமலை அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950-இல் 'மந்திரி குமாரி'யை வெளியிட்டது. குண்டலகேசிக் கதையைத் தழுவி அதனை எழுதியவர் மு. கருணாநிதி. அவரும் ஊதியத்திற்கு எழுதியவரே. ஆயினும் படம் தோற்றிருப்பின் முதலாளியின் பணமும் எழுதியவரின் பெயரும் ஒருங்கே கெட்டிருக்கும். அறிவுரை விற்பவருக்கு அத்தகைய பிணை ஏதுமில்லை. நட்டம் முழுதும் கேட்டவருக்கே.

தத்துவார்த்த சூத்திரம் சத்திய விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் மித்யோபதேசத்தை, அதாவது பொய்யான உபதேசத்தை, முதலில் வைக்கிறது. ஊதியம் பெறுதலை நாம் குறைகூறவில்லை, மருத்துவரும் பெறுகிறார். அறியாததை அறிந்ததுபோல் விற்பதையே குறைகூறுகிறோம். எத்தனை படங்களுக்கு எழுதினார் என்று மட்டும் வினவுதல் போதாது. (படம் எதுவும் எழுதாத நல்லாசிரியரும் உண்டு.) ஒரு காட்சி ஏன் தளர்கிறது என்று கேட்டால் காரணம் காட்டுகிறாரா? 'இக்கதை தேறாது, பணத்தை வீணாக்க வேண்டா' என்று எவரையேனும் திருப்பி அனுப்பியதுண்டா? அவரிடம் முன்பு பயின்ற இருவரைக் கண்டு பேசினால் இதனை நாம் அறிந்துகொள்ளலாம்.