விளையாட்டுக்கு என்ன பயன்?

ஏப்ரல் மாதம் பிறந்ததும் பெற்றோர் மனத்தில் ஒரு கவலையும் உடன் பிறந்துவிடுகிறது. இரண்டு மாதங்கள் குழந்தைகள் வீட்டில் இருக்கப் போகிறார்கள்; அவர்களை என்ன செய்வது? நீச்சல், சதுரங்கம், மனக்கணக்கு, கையெழுத்துப் பயிற்சி, சுலோக வகுப்பு என்று ஒரு பட்டியல் தயாராகிறது. எஞ்சிய நாட்களில் ஓர் உல்லாசப் பயணம். பயணம் முடிந்து திரும்பிய குழந்தையிடம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "போய்வந்தாயே, என்ன கற்றுக்கொண்டாய்?" என்பதுதான். "மகிழ்ச்சியாக இருந்தாயா?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் அது ஒரு சம்பிரதாயமாகவே நின்றுவிடுகிறது.

மகிழ்ச்சிக்கு ஒரு பயன் இருந்தே தீர வேண்டுமா? இன்ன பயன் என்று எடுத்துச் சொல்ல முடியாத ஒரு பகற்பொழுதைக் குழந்தைக்குக் கொடுப்பது பெற்றோர் கடமையிலிருந்து தவறுவதா, அல்லது அதுவும் கடமையைச் சேர்ந்ததா?

இந்த வினா வீட்டு வாசலோடு நின்றுவிடவில்லை. கோடை விடுமுறையில் பள்ளிகள் வகுப்பு நடத்தக் கூடாது என்று கேரள அரசு விதித்த தடையைப் பற்றிய வழக்கு, 2023 மே மாதத்தில் கொச்சியிலுள்ள உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. விரும்புகிறவர்கள் படிக்கட்டுமே என்பது ஒரு பக்கத்து வாதம். விடுமுறை விடுமுறையாகவே இருக்கட்டும் என்பது மறுபக்கத்து வாதம். நீதிபதிகளிடையேயும் கருத்து ஒன்றுபடவில்லை. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை, தனது 31ஆவது பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றே குறிப்பிடுகிறது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. உரிமை உண்டு என்று சட்டம் சொல்லிவிடலாம். அந்த உரிமையின் உட்பொருள் யாது என்பதை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த உயர்நீதிமன்றத்திற்கு அருகிலேயே ஒரு படகுத்துறை இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுகள் அங்கிருந்து புறப்படுகின்றன. காயலைக் கடந்து ஃபோர்ட் கொச்சியில் இறங்கினால், சிறிது தொலைவில் மட்டாஞ்சேரி. குழந்தைகளோடு ஒரு நாளைக் கழிப்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த இடத்தைக் காண்பது அரிது. நமது வினாவை எடுத்துக்கொண்டு அங்கே சென்று பார்ப்போம்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு டச்சு அரண்மனை என்று பெயர். ஆனால் 1555ஆம் ஆண்டில் அதைக் கட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அளித்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1663க்குப் பிறகு டச்சுக்காரர்கள் செப்பனிட்டார்கள். அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. (கட்டியவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்பது உலகில் புதிதன்று.) உள்ளே மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் முழுவதும் ஓவியமாக விரிகிறது. தசரதரின் வேள்வியில் தொடங்கி இராமர் அயோத்தி திரும்புவதுவரை காட்சிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. மண்ணின் சிவப்பும் மஞ்சளும், இலைச்சாற்றின் பச்சையும், விளக்குக் கரியின் கறுப்பும் கேரளச் சுவரோவியத்தின் வண்ணங்கள். வெண்மைக்குச் சுண்ணச் சுவரே போதும். கீழே மற்றோர் அறையில் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்திருக்கிறான் கண்ணன்.

தந்தை ஓவியத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். குழந்தையோ தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கருங்கல்லைப் போல் வழவழவென்று இருக்கும் அந்தத் தரை கல் அன்று. எரித்த தேங்காய்ச் சிரட்டையின் கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றைக் கலந்து இழைத்தது என்பார்கள். இதைக் கேட்டதும், "எத்தனை முட்டை?" என்று குழந்தை கேட்கும். "அங்கே பார், சீதா கல்யாணம்" என்று தந்தை அதன் முகத்தைப் பிடித்துத் திருப்புவார். பயனுள்ள காட்சி எது என்பதை அவர் முன்பே முடிவு செய்துவிட்டார் அல்லவா?

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். மட்டாஞ்சேரி இருக்கும் இதே எறணாகுளம் மாவட்டத்தில்தான், பெரியாற்றங்கரையில், ஆதிசங்கரர் அவதரித்த காலடி இருக்கிறது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் ஆட்சேபம் எழுப்பப்படுகிறது. எச்செயலும் ஒரு பயனைக் கருதியே செய்யப்படுகிறது. குறைவொன்றுமில்லாத பரம்பொருளுக்கு அடைய வேண்டிய பயன் ஏது? ஆகவே அது உலகைப் படைத்தது என்பது பொருந்தாது. இதற்குச் சூத்திரகாரர் தரும் விடை மிகச் சிறியது: படைப்பு வெறும் லீலை. சங்கரர் தமது பாஷ்யத்தில் இதை விளக்கும்போது, விருப்பங்கள் எல்லாம் நிறைவேறிய ஓர் அரசன் வேறு நோக்கமின்றி விளையாடுவதையும், மூச்சு தன்னியல்பாக உள்ளும் புறமும் சென்று வருவதையும் உவமையாகக் காட்டுகிறார். உலகத்தாரின் விளையாட்டில் துருவிப் பார்த்தால் ஏதேனும் நுட்பமான பயன் தென்படக்கூடும். இறைவனின் லீலையில் அதுவும் இல்லை என்கிறார்.

பயன் கருதுவது குறையின் அடையாளம், விளையாடுவது நிறைவின் அடையாளம் என்பதல்லவா இதிலிருந்து கிடைக்கும் பொருள்? நாமோ இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். விளையாட்டை நேரம் வீணாவதன் அடையாளமாகக் காண்கிறோம். பலனில் பற்றின்றிச் செயல்படு என்ற கீதையின் உபதேசத்தைக் காலையில் பாராயணம் செய்துவிட்டு, மாலையில் பலனின்றி விளையாடும் குழந்தையைக் கடிந்துகொள்கிறோம்.

குழந்தை ஞானி என்று சொல்ல வரவில்லை. அது மிகை. குழந்தைக்கு ஆசை உண்டு, பொறாமை உண்டு. ஐஸ்கிரீமுக்காக நடுத்தெருவில் புரண்டு அழவும் செய்யும். ஆயினும் எத்தனை முட்டை என்று அது கேட்ட அந்த ஒரு கணத்தில், மதிப்பெண்ணும் பாராட்டும் அதன் நினைவில் இல்லை. அறியும் இன்பம் மட்டுமே இருந்தது.

"சும்மா இருந்தால் சோம்பல் வளராதா? தமோகுணம் தலையெடுக்காதா?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சோம்பலில் முயற்சி இல்லை, விழிப்பும் இல்லை. விளையாட்டில் இரண்டும் உண்டு, விதிகளும் உண்டு. கைப்பேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே நாளெல்லாம் சாய்ந்து கிடக்கும் பிள்ளையை விளையாடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே விளையாடுவது திரைதான், பிள்ளையன்று.

அரண்மனைக்கு அருகிலேயே யூதர் தெரு. அதன் கோடியில் பரதேசி சினகாக் என்னும் யூதர் வழிபாட்டிடம், 1568இல் எழுந்தது. தமிழில் ஏளனச் சொல்லாகிவிட்ட 'பரதேசி', அங்கே பிற தேசத்திலிருந்து வந்தவர் என்ற தன் பழைய பொருளில் கௌரவமாக வாழ்கிறது. சனிக்கிழமை அங்கே செல்லும் குடும்பங்கள் கதவடைத்திருப்பதைக் கண்டு ஏமாற்றத்தோடு திரும்புகின்றன. அந்த மூடிய கதவும் பார்க்கத்தக்கதே என்பது என் எண்ணம். ஏழு நாட்களில் ஒரு நாள் எந்த வேலையும் செய்யலாகாது என்பதை இறைவனின் கட்டளையாகவே ஏற்ற சமூகம் அது. நாம் சலுகையாகக் கருதும் ஓய்வு அவர்களுக்கு விரதம்.

திறந்திருக்கும் நாட்களில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த, கையால் நீலவண்ணம் தீட்டிய ஓடுகள் தரையெங்கும் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது என்பது அங்கே வழங்கும் பேச்சு. பெரியவர்கள் இதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குழந்தைகள் நம்புவதில்லை. குனிந்து தேடத் தொடங்குவார்கள். ஒரே மாதிரியான இரண்டு ஓடுகளைக் கண்டுபிடித்தே தீர்வது என்று வெறுங்காலோடு வரிசை வரிசையாக நகர்வார்கள். வழிபாட்டிடமாயிற்றே, இங்கே விளையாடலாமா? ஓடுவதும் கூச்சலிடுவதும் தகாது. ஆனால் தலைதாழ்த்தி, ஓசையின்றி, ஒவ்வோர் ஓட்டையும் ஊன்றிக் கவனிக்கும் அந்தத் தேடலை அவமரியாதை என்று யார் சொல்வார்கள்? பெரியவர்களாகிய நாம் ஆலயங்களில் அவ்வளவு கவனத்தோடு நடப்பதில்லை.

மட்டாஞ்சேரிக்குச் செல்ல இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தாத்தா பாட்டி இருக்கும் கிராமமும், வேப்பமரத்தடியும், வற்றிய ஆற்றுமணலும், பல்லாங்குழியும் போதும். ஒன்று மட்டும் வேண்டும்: பெற்றோரும் அதில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளராக அல்லாமல், ஆட்டத்தில் ஒருவராக. தோற்கவும் தெரிந்த ஒருவராக. தந்தை தோற்றுச் சிரிப்பதைப் பார்க்கும் பிள்ளைக்குப் பற்றின்மையைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பு தேவைப்படுவதில்லை.

ஒரு சிக்கலை மட்டும் மறைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் தோபிகானா என்ற சலவைக்கூடம் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து துணி வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தோர் அங்கே உழைக்கின்றனர், தமிழ் பேசுகின்றனர். கிளிப் எதுவுமில்லாமல், முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகி அவர்கள் உலர்த்தும் நேர்த்தியைக் குழந்தைகள் வியந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும்; அனுமதி கேட்டு, ஒதுங்கி நின்று பார்க்கட்டும். நமக்கு அது வேடிக்கை. அவர்களுக்கோ இடுப்பொடியும் வேலை. நமது பயனற்ற பொழுது, பிறருடைய உழைப்பின்மீதுதான் அமர்ந்திருக்கிறது. சுற்றுலாத் தலங்கள் பலவற்றில், நம் பிள்ளையின் வயதே ஆன ஒரு பிள்ளை எதையாவது விற்றுக்கொண்டு நம்மிடம் வருகிறது. "அந்தப் பையனுக்கு லீவு இல்லையா அப்பா?" என்று நம் பிள்ளை கேட்டால், என்ன விடை சொல்வோம்?

யூதர் தெருவில் முன்பொரு காலத்தில் அப்படி ஒரு சிறுவன் இருந்தான். இஸ்லாமியக் குடும்பத்துப் பிள்ளை. படிப்பை விட்டுவிட்டு, வரும் பயணிகளுக்கு அஞ்சலட்டை விற்றான். அட்டைகளை வைத்துக்கொள்ள அவனுக்கு இடமில்லாதபோது, அத்தெருவில் வாழ்ந்த கோஹன் என்ற யூதத் தம்பதியர் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். நாளடைவில் அவன் அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆனான். 1948க்குப் பிறகு அச்சமூகத்தார் பெரும்பாலும் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். கோஹன் தம்பதியர் செல்லவில்லை. கணவர் மறைந்தபின் தையல் வேலைப்பாட்டுக் கடை நடத்திவந்த சாரா கோஹனை முதுமையில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர், அன்று அஞ்சலட்டை விற்ற அந்தப் பிள்ளைதான். 2019 ஆகஸ்டில், தமது 96ஆவது வயதில் அந்த அம்மையார் மறைந்தார். அவருக்குப் பின்னும் அந்தக் கடையை அவரே திறந்துவைத்துக் காத்து வந்தார்.