சந்தோஷம் ஊறும் இடம்

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபம் மொத்தம் 4 அதிகாரம்தான். விலங்கு பூட்டிய சிறைவாசத்தில் எழுதியது. உயிர் தப்புமா என்பதே நிச்சயமில்லாத நேரம். ஆனாலும் சந்தோஷம், மகிழ்ச்சி என்ற பேச்சு அதில் பத்துத் தடவைக்கு மேல் வருகிறது. அந்தச் சந்தோஷத்தைச் சுற்றி எத்தனை மனிதர்கள்! சபையார் கொடுத்த உதவியைச் சுமந்துவந்து, வந்த இடத்தில் சாகக் கிடந்து பிழைத்த எப்பாப்பிரோதீத்து. மனஸ்தாபத்தில் இருந்த இரண்டு பெண்கள். அவர்கள் ஒருமனப்பட வேண்டுமென்று பேர் சொல்லிக் கெஞ்சுகிறார் பவுல்.

ஜெபித்தும் மனசு வறண்டே கிடக்கிறது என்று நம்மில் பலர் வருத்தப்படுகிறோம். இன்னொரு கூட்டத்துக்குப் போனால் சரியாகுமா என்று பார்க்கிறோம். போகலாம், நல்லதுதான். ஆனால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் வீட்டுக்கு யார் போவது? ஆஸ்பத்திரியில் துணையில்லாமல் கிடக்கிற அடுத்த தெருப் பெரியவருக்கு யார் கஞ்சி கொண்டுபோவது?

அதே பிலிப்பியில்தான் முன்பு பவுலையும் சீலாவையும் பிரம்பால் அடித்துத் தொழுமரத்தில் மாட்டினார்கள். வசனத்தைக் கேட்ட சிறைக்காரன் விடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. அந்த ராத்திரியிலேயே அவர்களுடைய காயங்களைக் கழுவினான். வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான். இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைத்தான். குடும்பத்தோடு அவன் மகிழ்ந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் அதற்குப் பிறகுதான் சொல்கிறது.