குடிசையும் இல்லாதவர்

சுரபி நதிக்கரையிலுள்ள குச்சனூர், குச்சுப்புல் வேய்ந்த கூரை ஒன்றினால் அப்பெயர் பெற்றதென்று அவ்வூர்த் தலக்கதை கூறும். அந்தப் புற்கூரையே இன்று அரசாங்க உதவிக்கு ஒரு தகுதியாகி நிற்கிறது.

சில மாதங்களுக்கு முன், அவ்வூர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர் விண்ணப்பத் தாளொன்றைப் படித்துச் சொல்லும்படி வந்தார். கணவரை இழந்தவர், ஜீப்பேறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய் வருபவர். "ஹஜ்ரத், குடிசை இருந்தால் வீடு தருவார்களாம். நான் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கிறேன். குடிசையும் இல்லாதவள் என்ன செய்வது?" என்றார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

2010இல் தமிழக அரசு ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 21 லட்சம் குடிசைகளைக் கணக்கிட்டு, ஆறாண்டுகளில் அவற்றைக் கான்கிரீட் வீடுகளாக்கத் திட்டமிட்டது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. பசுமை வீடுகள் என்னும் வேறு திட்டம் வந்தது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம், 2030க்குள் எட்டு லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். இதுவும் ஊராட்சிகளுக்கே. குச்சனூரோ பேரூராட்சி. அங்குள்ளவர் 2015இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தை நாடவேண்டும். அதிலும் தன் மனையில் தானே கட்டிக்கொள்ளும் பிரிவுக்கு மனை முதலில் வேண்டும். மனையில்லாதோர்க்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் உண்டு. பயனாளியும் ஒரு பங்கு செலுத்தவேண்டும். கூலிக்காரர் அதற்கு எங்கே போவார்?

எண்ணியவர் வஞ்சகம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பொதுப்பணத்தைக் கொடுப்பவர் கண்ணால் கண்டதையே பதிவு செய்ய முடியும். கூரை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிவது தெரிவதில்லை.

அரபியில் வீட்டுக்கு 'மஸ்கன்' என்று பெயர். அமைதி கொள்ளும் இடம் என்பது பொருள். வறியவரைக் குறிக்கும் 'மிஸ்கீன்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. ஜகாத்தைப் பங்கிடப் புகுந்த இமாம்கள், பகீர், மிஸ்கீன் இருவரில் அதிக வறியவர் யார் என்று நெடிது ஆராய்ந்தனர். ஹனபிகள் மிஸ்கீன் என்றனர். ஷாபிகள் பகீர் என்றனர். இளமையில் இதை ஓதியபோது வீண் சொல்லாராய்ச்சி என்றே எண்ணினேன். பட்டியலின் வாசலில் நிற்பது ஒரு சொல்லின் வரையறைதான் என்பது இப்போதல்லவா விளங்குகிறது! ஒருவன் குடியிருக்கும் வீட்டைக் காட்டி, அவன் ஜகாத் பெறத் தகாதவன் என்று அச்சட்டம் தள்ளுவதில்லை. இங்கோ, மனையில்லாமையே தள்ளிவிடுகிறது.

இலவச மனைப்பட்டாவும் உண்டே எனலாம். உண்டு, ஆனால் அது வருவாய்த் துறையின் வரிசை, வீடு மற்றொரு துறையின் வரிசை. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருப்பதில்லை. ஒரு வட்டாரத்துக்கு இத்தனை வீடு என்று ஒதுக்குமுன், மனையற்றோர் இத்தனை பேர் என்ற கணக்கும் அதே மேசைக்கு வரவேண்டாமா?

அம்மையாருக்கு மனை கேட்டு விண்ணப்பம் எழுதினேன். கதவிலக்கம் என்ற இடம் வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். அண்ணன் வீட்டு இலக்கத்தையே எழுதினோம்.