கட்டுவதா, காப்பதா பெரும் புண்ணியம்?

குளம் வெட்டுதல் பெரும் புண்ணியம் என்பர் ஆன்றோர். வெட்டிய குளத்தைக் காப்பது யார் கடன் என்று சிந்திப்போர் மிகச் சிலரே.

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தைச் சைவ மரபு குளக்கோட்டு மன்னனின் திருப்பணியாகப் போற்றுகின்றது. வரலாற்றாசிரியர் 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கிரபோதியைக் குறிப்பிடுவர். கட்டியவர் பெயரை எவரும் மறக்கவில்லை. எனினும் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதன் அணைக்கட்டு உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மண்ணணை பெரும்பாலும் உள்ளிருந்தே நலிவடைகின்றது. கட்டில் நின்ற மரம் பட்டுப்போனால், உக்கிய வேரின் வழியே நீர் கசியும். கறையான் புற்றும் விலங்குகளின் வளைகளும் அவ்வாறே. கசியும் நீர் தெளிவாயிருப்பின் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். கலங்கி வந்தாலோ உள்ளே மண் அரிக்கப்படுகின்றது என்பது பொருள். வான் அடைபட்டால் வெள்ளம் கட்டின் மேலாகப் பாய்ந்து அதனை அறுத்துவிடும்.

பெருங்குளங்களைப் பராமரிப்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கடமையே. ஆயினும் கட்டிலே நாள்தோறும் நடப்பவர் கமக்காரர். கலங்கல் நீரைக் கண்டும் வாளாவிருந்தவர், உடைப்பு நேர்ந்தபின் குற்றமற்றவர் ஆவாரா?

திருத்தத்துக்காக நீரைக் குறைத்தால் ஒரு போகம் பாதிக்கப்படலாம். அந்த நட்டம் கண்ணுக்குத் தெரியும். காக்கப்பட்ட உயிர்களை எவராலும் எண்ணிக் காட்ட இயலாது. ஆதலால் காப்பவனுக்குப் புகழில்லை, கல்வெட்டில் பெயருமில்லை. பலன் கருதாத தொண்டு என்பது இதுவன்றோ!

கட்டிய கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் காணும் அடியார்களுக்கு இது புதிய பாடமன்று. கோயிலுக்குச் செய்வதைக் குளத்துக்கும் செய்வோமாக.