திரும்பிப் போய்ப் பார்ப்பது

பொது வார்டில் காலை பத்து மணிக்கு எல்லா வேலையும் ஒன்றாக வந்து நிற்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து கேஸ் ஷீட்டுகளில் புது ஆர்டர்கள் ஏறியிருக்கும். அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வரும். ஒரு கட்டிலில் ட்ரிப்ஸ் முடியப் போகும், இன்னொரு கட்டிலில் ரத்தம் ஏற்ற வேண்டும். வீட்டுக்குப் போகிறவரின் மகன் மாத்திரைச் சீட்டுக்காக மேசையருகே நிற்பார். நடுவில் இருக்கிற செவிலியருக்கு இரண்டே கை. எதை முதலில் எடுப்பது, எதை யாரிடம் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளில்தான் அவருடைய நாள் ஓடுகிறது. பாடப் புத்தகங்கள் இதை நிர்வாகம் என்ற தலைப்பில் வைத்திருக்கின்றன. வார்டில் நிற்கும்போது எனக்கு இது மனசாட்சியின் வேலையாகவே தெரிகிறது.

*

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தத் தோல் வட்டாரத்தில் வேலை செய்கிற செவிலியர் ஒரு வாயுவைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோலிலிருந்து முடியை நீக்க டேனரிகளில் சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு கலந்தாலும், சேறாகத் தொட்டியில் தேங்கினாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். காற்றில் அதன் அளவு 100 பி.பி.எம்.மை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. வாடை போய்விட்டது, இனி பயமில்லை என்று தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார்.

அப்படி நாலைந்து பேர் ஒன்றாக வந்து இறங்கினால் கண் எரிகிறது என்று கத்துகிறவரைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. பெஞ்சின் ஓரத்தில், யாரையும் கூப்பிடாமல், தலை சாய்ந்து உட்கார்ந்திருப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். அவருக்கு ஆக்சிஜன் வைத்த பிறகும் வேலை முடிவதில்லை. நன்றாக இருக்கிறேன் என்று எழுந்து நிற்கிற மூன்றாவது ஆளுக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பச்சை என்பது அந்த நிமிடத்துக்கு மட்டும் சொன்ன தீர்ப்பு. அரை மணி கழித்து அதே ஆளிடம் போய் மூச்சை எண்ணிப் பார்த்தால்தான் அந்தத் தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்று தெரியும். முன்னுரிமை கொடுப்பது என்றால் ஒருவரைப் பின்னால் நிறுத்துவது. பின்னால் நிறுத்தியவரிடம் திரும்பிப் போகிற கடனும் அந்த நொடியிலேயே சேர்ந்துவிடுகிறது.

*

காத்திருக்கிறவருக்கும் தகவல் வேண்டும்.

“பாட்டி, பக்கத்துக் கட்டில்காரருக்கு மூச்சு வாங்குது. அவரப் பாத்துட்டு வந்து உங்க கால் கட்டை மாத்தறேன். அரை மணி ஆகும். அதுக்குள்ள கட்டு நனைஞ்சா, இல்ல வலி தாங்கலன்னா, இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி என்னைக் கூப்பிடுங்க.”

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: ஏன் காக்க வேண்டும், எவ்வளவு நேரம், எது நடந்தால் காக்கக் கூடாது, யாரிடம் சொல்ல வேண்டும். “இருங்க, வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் இந்த நான்கில் ஒன்றும் பாட்டிக்குக் கிடைப்பதில்லை. அடுத்த அரை மணியில் அவர் பத்து முறை கூப்பிடுவார், அல்லது கூப்பிடவே மாட்டார். இரண்டாவதுதான் ஆபத்து.

*

இனி இரண்டாவது கேள்வி: எதை யாரிடம் கொடுப்பது. வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கியது ஒற்றைக் கட்டில் மருத்துவமனை. 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இந்த வரிசையை எப்போது நினைத்தாலும் மனம் ஓரிடத்தில் நிற்கிறது. டாக்டர்களை உருவாக்கும் பள்ளிக்கு ஒன்பது ஆண்டு முன்பே செவிலியரை உருவாக்கும் பள்ளி வந்துவிட்டது. ஒரு டாக்டர் எத்தனை கட்டிலைத்தான் சுற்றிவர முடியும்? அவர் நகர்ந்த பிறகும் அந்தக் கட்டிலருகே யாராவது நிற்க வேண்டும், நிற்பவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். 1946-ல் அங்கே செவிலியப் பட்டப்படிப்பும் தொடங்கியது.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய செவிலியக் குறிப்புகளில் சிறு நிர்வாகத்துக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். நீ இருக்கும்போது நடக்கிற பராமரிப்பு நீ இல்லாதபோதும் நடக்க ஏற்பாடு செய்திருக்கிறாயா என்பதுதான் அதன் சாரம். தான் இருந்தால்தான் வார்டு ஓடும் என்பதில் பெருமைப்படுகிற செவிலியரை அவர் மெச்சியிருக்க மாட்டார். அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பது, அவர் லீவு எடுத்த நாளில் படுத்திருக்கிற நோயாளி.

*

பக்கவாதத்தில் விழுந்த ஓர் அம்மாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறது. கூட இருப்பது மகள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். வார்டில் செவிலியர் குறைவு, வீட்டுக்குப் போன பிறகும் இந்த வேலை மகளுடையதுதான். ஆகவே கஞ்சி ஊற்றுகிற வேலையை அவரிடம் கொடுக்கலாம். எப்படிக் கொடுப்பது?

முதல் வேளை செவிலியரே செய்கிறார், மகள் பார்க்கிறார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, குழாயில் போட்ட அடையாளம் மூக்கருகே அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, சிரிஞ்சால் இழுத்து முந்தின வேளை உணவு வயிற்றில் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, கஞ்சியை அழுத்தாமல் தானாக இறங்க விடுவது, கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது, அரை மணியாவது சாய்த்தே உட்கார வைப்பது. இரண்டாம் வேளை இருவருமாகச் செய்கிறார்கள். மூன்றாம் வேளை மகள் செய்கிறார், செவிலியர் கால்மாட்டில் நிற்கிறார்.

“எதப் பாத்தா நிறுத்துவீங்க?”

“இருமினா. மூச்சு வாங்கினா. முகம் ஒரு மாதிரி கறுத்தா.”

“நிறுத்திட்டு?”

“குழாய மடிச்சுப் புடிச்சுகிட்டு உங்களக் கூப்பிடணும் சிஸ்டர்.”

இந்தப் பதில் வந்த பிறகுதான் வேலை கைமாறியது என்று சொல்லலாம். வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்குச் செவிலியப் பாடத்தில் ஐந்து சரிகள் உண்டு: சரியான வேலை, சரியான சூழல், சரியான ஆள், சரியான விளக்கம், சரியான மேற்பார்வை. முதல் நான்கும் கொடுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை. ஐந்தாவது, கொடுத்த பிறகு திரும்பிப் போவது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. ஆயாம்மா புரட்டிப் படுக்க வைக்கலாம், யூரின் பையில் எவ்வளவு என்று அளந்து சொல்லலாம். மாணவச் செவிலியர் பி.பி. பார்த்து எழுதலாம். ஆனால் காலையில் 130 இருந்த பி.பி. இப்போது 90, யூரினும் குறைந்துவிட்டது என்றால் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து டாக்டரைக் கூப்பிட வேண்டியது செவிலியர். அளப்பதைக் கொடுக்கலாம். அளந்ததற்கு என்ன பொருள் என்று யோசிப்பதைக் கொடுக்க முடியாது.

*

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அதற்கு முன்பே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். அறுவை சிகிச்சையால் திருப்பித் தர முடியாதது ஒன்று இருந்தது: உணர்ச்சி. வலி தெரியாத காலில் முள் குத்தினால் தெரியாது, செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. புண் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அந்தக் காலைத் தினமும் பார்க்க எந்தச் செவிலியராலும் வீடு வீடாகப் போக முடியாது. ஆகவே பார்க்கிற வேலையை அந்தக் காலுக்கு உரியவரிடமே கொடுத்தார்கள். தினமும் காலைத் தண்ணீரில் ஊற வை, தடித்த தோலைத் தேய், எண்ணெய் தடவு, உள்ளங்காலைக் கண்ணால் பார், செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுப் பார். மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பும் கொடுத்தார்கள். இன்றைக்குச் சர்க்கரை நோயில் உணர்ச்சி போன கால்களுக்கும் இதே பாடம்தான்.

வேலூரின் பாகாயத்தில் 1957-ல் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் தங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பார்த்துக்கொள்ள ஆள் மிச்சம் என்பதோடு அதன் பயன் நிற்கவில்லை. அடுத்த தடவை நோய் கூடும்போது அதன் முதல் அறிகுறியைக் காணப்போவது வீடு. அந்தக் கண்ணைப் பழக்குவதும் சிகிச்சையாகிறது.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இப்படி வேலையைப் பகிர்வதைத் தெருவுக்குக் கொண்டுபோனது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடிப் போய் பி.பி. பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். அவர் எழுதிவருகிற எண்களைச் செவிலியர் ஒருவர் உட்கார்ந்து படிக்கிற ஊரில் திட்டம் உயிரோடு இருக்கும். படிக்க ஆளில்லாவிட்டால் நோட்டு மட்டும் நிரம்பும்.

*

கடைசியாக, மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒன்று.

பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். இரவு டியூட்டியில் ஒரு முழு வார்டையும் தனியாகப் பார்த்த யாருக்கும் அந்த எண்ணுக்கும் கட்டில்களுக்கும் உள்ள தூரம் தெரியும். முப்பது பேருக்கு ஒருவர் என்கிற இடத்தில் முன்னுரிமைத் திறன் என்று எதைக் கற்றுக்கொடுத்தாலும், இன்றிரவு யாரைக் கவனிக்காமல் விடுவது என்று தேர்ந்தெடுக்கிற திறனாகவே அது முடியும். திரும்பிப் போய்ப் பார்க்க நேரமே இல்லாதவரிடம் திரும்பிப் போ என்று சொல்வது நியாயமில்லை.

அங்கே வேலையை மேலே கொடுக்க வேண்டும். ஆயாம்மாவிடமும் மாணவியிடமும் வேலையைக் கொடுக்கப் பழகிய நாம், மேலே இருப்பவர்களிடம் கொடுக்கக் கூச்சப்படுகிறோம். முடியவில்லை என்று சொன்னால் திறமையில்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். அதனால் செய்ததை மட்டும் எழுதுகிறோம். இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டிய நோயாளியை இரவில் இரண்டே முறை புரட்டினோம் என்பது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. சில நாள் கழித்துப் படுக்கைப் புண் மட்டும் ஏறுகிறது.

செய்ய முடியாமல் போனதையும் எழுதுங்கள். நேரம் போட்டு, காரணம் போட்டு, யாரிடம் சொன்னேன் என்பதையும் போட்டு எழுதுங்கள். கண்காணிப்பாளர் படிக்கட்டும். படித்த பிறகு, திரும்பி வந்து அந்தக் கட்டிலைப் பார்க்கிற கடன் அவருக்கும் உண்டு.